கயிறு அறுந்துபோகவில்லை

வாரம் ஒரு தடவை நிலாவை நான்தான் துடைப்பேன். வெந்நீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து, பழைய பனியனை நனைத்துப் பிழிந்து, ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்து வந்துவிடும். நிலா சுத்தமாக இருக்கிறது என்று இன்றுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. அழுக்காக இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள், மேடம். ஜனங்கள் அப்படித்தான். நான் குறையாகச் சொல்லவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்தவனுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தீர்கள், சந்தோஷம். உங்களை அதிக நேரம் பிடித்து வைக்க மாட்டேன். விசாரணைக் குழு சொன்னதைக் காலையில் பேப்பரில் பார்த்தேன். நிலாவில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த பாடகி மேடையில் விழுந்ததற்குக் காரணம், கயிறு நைந்து அறுந்ததுதான் என்று போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் மூன்று பேர். தலைவருக்கு மூட்டு வலி. இன்னொருவருக்கு உயரம் ஆகாது. அவர்கள் இரண்டு பேரையும் கீழே விட்டுவிட்டுத் தான் மட்டும் ஏணியில் ஏறினால் நன்றாக இருக்காது என்று மூன்றாமவர் நினைத்தார். ஆகவே மூவரும் கீழேயே நின்று, வாத்தியப் பெட்டிகளைக் கட்டி வைக்கிற கயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்கள். அது நைந்துதான் இருந்தது, மறுக்கவில்லை. நிலாவின் கயிறு மேலே இருக்கிறது. முழுசாக இருக்கிறது. ஆள் அனுப்பிப் பாருங்கள்.

இந்த ஒன்றைத் திருத்தி எழுதிக்கொண்டால் எனக்குப் போதும். அரங்கத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று மேனேஜரை உள்ளே வைக்கப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். அவரை உள்ளே வைத்தால் ஊருக்கு நல்லதுதான், அது வேறு விஷயம். ஆனால் அவர் செய்யாத காரியத்துக்கு அவருக்குப் பெயர் வருவதை நான் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மேடைக்கு மேலே, பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பரண் இருக்கிறது. அங்கேதான் நான். காடு, அரண்மனை, மேகம், நிலா எல்லாம் என் கயிறுகளில் தொங்குகின்றன. பாட்டுக்கு ஏற்றபடி இறக்குவேன், ஏற்றுவேன். நான் வேலையை ஒழுங்காகச் செய்தால் அங்கே ஒருவன் இருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் அழகு என்று மேனேஜர் சொல்வார். அவர் தன் படத்தை வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டி வைத்திருக்கிறார்.

ஒருநாள் என் மனைவியும், அவளுடைய அண்ணன் குடும்பமும் நாடகம் பார்க்க வந்தார்கள். மச்சானுக்கு என் மேல் பெரிய மதிப்பு கிடையாது. "கயிறு இழுக்கறதுக்கு ஒரு உத்தியோகமா" என்று என் கல்யாணத்திலேயே கேட்டவர். அவர் வருகிறார் என்று அன்று மேகங்களுக்கெல்லாம் புதுப் பஞ்சு வைத்திருந்தேன். நிலா ஏறும்போது ஒரு குலுங்கல் இல்லை. வெண்ணெய் மாதிரி ஏறியது. அந்த நேரம் பார்த்து, கீழே காதல் பாட்டில் கதாநாயகனின் ஒட்டு மீசை பிய்ந்து கதாநாயகி கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவளும் தெரியாமல் அந்த மீசையோடு ஒரு சரணம் முழுக்கப் பாடினாள்.

அவ்வளவுதான். மூன்று மணி நேரம், அத்தனை பாட்டு, அத்தனை பேருடைய உழைப்பு, எல்லாம் போயிற்று. அதன்பிறகு எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் மச்சான் அந்த மீசைக் கதையைத்தான் எடுப்பார். தன் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் மாதிரி பாடியும் காட்டுவார். என் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரிப்பு வரும். நிலா எப்படி ஏறியது என்று ஒருமுறை கேட்டேன். "நிலா வந்துச்சா?" என்றாள்.

எனக்கு முடிவெட்டுகிறவரும் அன்று அரங்கில் இருந்தாராம். பல் டாக்டரும் இருந்தாராம். மச்சானின் கடைசிப் பையன் அப்போது பிறக்கவே இல்லை, அவனும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்கிறான். ஊரில் பாதி அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. நான் பரணில் இருந்து பார்த்தேன், பின் வரிசைகள் காலியாகத்தான் கிடந்தன.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஜனங்கள் நாடகம் பார்க்க வருவது நாடகத்துக்காக அல்ல. மறுநாள் யாரிடமாவது சொல்ல ஒன்று வேண்டும், அதற்காக வருகிறார்கள். பாட்டு நன்றாக இருந்தால் "நல்லா இருந்துச்சு" என்பார்கள், செருப்பை மாட்டுவதற்குள் மறந்துவிடுவார்கள். பாவம், அவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஏதாவது கொடுத்து அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

முதலில் ஒரு மேகத்தை விட்டேன். வில்லன், ராஜாவைக் கொல்லும் திட்டத்தைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். மேகம் மெத்தென்று அவர் தலையில் உட்கார்ந்தது. அரங்கம் அதிர்ந்தது. பேப்பரில் எழுதுகிற விமர்சகர் அடுத்த நாள், தீமையின் தலை மீது வானமே கவிகிற அரிய குறியீடு என்று எழுதினார். வில்லன் நடிகர் அந்த விமர்சனத்தை வெட்டிச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கழுத்துச் சுளுக்கோடுதான்.

மேனேஜர் ஏணியில் பாதி வரைக்கும் ஏறி வந்தார். அவர் பாதிக்கு மேல் ஏறியதே இல்லை.

"நேத்து மேகம் விழுந்துச்சாமே" என்றார்.

"ஆமா சார். கை நழுவிருச்சு."

"இனிமே அப்படி விழக்கூடாது, தெரிஞ்சுதா? ஊரெல்லாம் அதே பேச்சு." ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "சனிக்கிழமை எல்லா சீட்டும் போயிருச்சு. சனிக்கிழமையும் விழக்கூடாது."

"என்ன விழக்கூடாது சார்?"

"அதெல்லாம் நான் எப்படிச் சொல்றது? நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பார்த்துக்கொண்டேன். அரசியின் படுக்கையறைக்கு நடுவில் காட்டை இறக்கினேன். கதாநாயகன் துண்டைக் கட்டிக்கொண்டு வடை மாதிரி எதையோ தின்றுகொண்டிருந்தபோது பின்திரையைத் தூக்கினேன். ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். மேடையைப் பார்ப்பதைவிட மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்வதில் கூச்சமில்லை. நான் இருக்கிற திசையை முதல்முறையாகப் பார்த்தார்கள்.

புல்லாங்குழல்காரர் விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்டு நான் சொன்னதாக இருக்க வேண்டாம். மணல் மூட்டை ஒன்று வாத்தியக் குழுவுக்குள் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று. குழல் வாசிக்க ஆறு விரல் போதுமே என்று மேனேஜர் ஆறுதல் சொன்னார். எந்த ஆறு என்பதில்தான் சிக்கல் வந்தது. இப்போது அவர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறார், அதற்கு இருக்கிறதே போதும். ஒன்று யோசித்துப் பாருங்கள். இருபது வருஷம் அந்த மனிதர் வாசித்தார், எதிர்வீட்டுக்காரருக்குக்கூட அவரைத் தெரியாது. இன்று டிக்கெட் கொடுக்கிற எல்லோரும் அவர் கையைப் பார்த்துவிட்டு "நீங்கதானா அது" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

சரி, பாப்பாவுக்கு வருகிறேன்.

குழந்தை வேஷம் போட வந்தவள், அதனால் பாப்பா. முப்பது தாண்டியும் எல்லோருக்கும் பாப்பாதான். கதாநாயகி அவள். மீசை ஒட்டிக்கொண்ட கன்னமும் அவளுடையதுதான். இரண்டாம் பாகத்தின் முடிவில் அவள் பிறைநிலாவின் வளைவில் உட்கார்ந்து பாடுவாள், பாட்டு போகப் போக நான் நிலாவை மேலே ஏற்ற வேண்டும். கயிறு கப்பியில் ஏறி இந்தப் பக்கம் வரும். இந்த முனையில் அவள் எடைக்குச் சரியாக மணல் மூட்டை தொங்கும், அதனால் ஒரே ஆள் ஏற்றி இறக்க முடியும். உட்கார்ந்ததும் குதிகாலால் நிலாவை இரண்டு தட்டுத் தட்டுவாள். தான் தயார் என்று அர்த்தம். நான் கயிற்றை லேசாக ஒரு சுண்டு சுண்டுவேன். அப்புறம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பாட்டு முடியும்வரை திறக்க மாட்டாள்.

அந்த நாடகக் குழுவில் பரண் வரைக்கும் ஏறி வந்து என்னிடம் பேசியவள் அவள் ஒருத்திதான். "அண்ணே, நீங்க கயிறு புடிச்சா எனக்குத் தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கு" என்பாள். அவள் பாடும்போது நான் ஒருநாளும் எதையும் விழவிட்டதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாயங்காலம், அவள் உச்சியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. கும்மிருட்டு. வாத்தியக்காரர்களுக்குப் பாட்டு எழுதிய தாள் தெரியவில்லை, ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. அந்தரத்தில், இருட்டில், ஒரு துணையும் இல்லாமல், தொண்டையை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாள். மேடம், நான் பாட்டு தெரிந்தவன் இல்லை. ஆனால் அவள் மூச்சு இழுக்கும்போது கயிற்றில் ஒரு சின்ன அசைவு வந்தது. அது என் உள்ளங்கையில் தெரிந்தது. அரங்கத்தில் ஒரு இருமல் கேட்கவில்லை. நான் அழுதேன். என் அம்மா போனபோதுகூட அப்படி அழுததில்லை. பாட்டு முடிந்ததும் யாரும் அசையவில்லை. அப்புறம் விளக்கு வந்தது. கைதட்டினார்கள், விளக்குக்கு.

கீழே இறங்கியதும் நேராகப் பரணுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, தண்ணி இருக்கா?"

என் பாட்டிலைக் கொடுத்தேன். முழுவதும் குடித்தாள்.

"நீங்க மேல இருக்கீங்கன்னுதான் நான் பாடினேன். சாகற வரைக்கும் இத மறக்க மாட்டேண்ணே."

இது அவள் வாயால் சொன்னது. நான் கேட்டு அவள் சொன்னதில்லை.

மறுநாள் விமர்சகர் ஜெனரேட்டரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தார். என் மனைவி, "நேத்து கரண்ட் போச்சாமே, பாதிக் காசு திருப்பிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டாள். அந்தப் பாட்டைப் பற்றிப் பேச ஒரு நாதி இல்லை. முடிவெட்டுகிறவர் அன்று வரவில்லை. பல் டாக்டர் வரவில்லை. அன்று வந்திருந்தவர்களே வந்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, என்னத்துக்கு மறைக்க வேண்டும். ஆனாலும் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம், போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகுதான் அந்த விழா வந்தது. நாடகத்தின் நூறாவது காட்சி. இடைவேளையில் மேனேஜரே மைக்கைப் பிடித்துக்கொண்டு, கலைஞர்களை வரிசையாக நிற்க வைத்து, இந்த மேடையில் உங்களுக்கு மறக்க முடியாத தருணம் எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். வில்லன் மேகத்தைச் சொன்னார். கதாநாயகன் துண்டைச் சொன்னார். வாசலில் இருந்த புல்லாங்குழல்காரரைக்கூடக் கூப்பிட்டார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார், நல்ல கைதட்டல். எல்லாம் நான் கொடுத்தது. மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், மனசுக்கு நிறைவாக இருந்தது.

பாப்பாவின் முறை வந்தது. கொஞ்சம் யோசித்தாள். யோசித்துக்கொண்டே மேலே, என் பக்கமாகப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டேன்.

"எவ்வளவோ இருக்கு" என்றாள். "ஆனா அந்த மீசை இருக்கே..."

அதற்கு மேல் அவளைப் பேசவிடவில்லை. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு வரி பாடிக் காட்டினாள், மச்சான் செய்கிற மாதிரியே. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை, மேடம். கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபத்தில் செய்கிறவனுக்குக் கை நடுங்கும்.

எனக்கு அவள் மேல் பரிதாபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய பாடகி, ஒரு மீசையோடு போய்விடக் கூடாது. அவள் பாடினாள் என்பதை இந்த ஊர் மறக்காமல் இருக்க வேண்டும். அதற்கு இந்த ஊருக்கு என்ன தேவை என்பது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் சும்மா இருந்தால் அது பாவம் இல்லையா?

இடைவேளை முடிவதற்குள் மணல் மூட்டையைக் கழற்றி, ஆணியில் மாட்டிவிட்டேன். தரையில் போட்டால் கால் தடுக்கும். இரண்டாம் பாகம் நடந்தது. மேகம், அரண்மனை, காடு எல்லாவற்றையும் அதனதன் நேரத்துக்கு இறக்கினேன், ஒரு பிசகு இல்லை. அவள் வந்து உட்கார்ந்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். நான் சுண்டினேன். மூட்டை இல்லாததால் முழு பாரமும் என் கையில்தான். மூச்சு வாங்கியது. ஆனால் நிலா குலுங்கவில்லை, அதை யாரும் மறுக்க முடியாது. அவள் கண்ணை மூடியிருந்தாள். இவ்வளவு காலத்தில் அவள் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை, அந்த இருட்டு நாளைத் தவிர.

சரணம் முடியட்டும் என்று காத்திருந்தேன். பாதி வரியில் விடுவது பாட்டுக்கு மரியாதை இல்லை. கடைசி வார்த்தையை அவள் முழுசாக இழுத்து முடித்த பிறகு கையை எடுத்தேன்.

கயிறு அறுந்துபோகவில்லை. நான் விட்டேன். இதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் கைதட்டினார்கள். அப்புறம்தான் யாரோ கத்தினார்கள். நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. ஒரே வாரத்தில் ஊரே அன்று அரங்கத்தில் இருந்ததாகிவிட்டது. முடிவெட்டுகிறவர் மூன்றாவது வரிசையாம். மச்சான் வீட்டில் உட்கார்ந்து அழுகிறார், "அந்தக் குரல் இனி யாருக்கு வரும்" என்று. மீசையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. பாப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை, அதற்குள் வாசலில் பூ வைத்திருக்கிறார்கள், மேனேஜர் படத்துக்குக் கீழேயே. எல்லாம் சரிதான். ஆனால் கதை சொல்கிற ஒவ்வொருவரும், "அப்போ பட்டுன்னு கயிறு அறுந்துச்சு பாருங்க" என்கிறார்கள். அறுந்ததாம். இத்தனையும் செய்தது ஒரு நைந்த கயிறாம். நான் அந்தக் கதையில் எங்கேயும் இல்லை. காதால் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது?

போன் அடிக்கிறது, எடுங்கள். நான் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்தா? கண் விழித்துவிட்டாளா? பேசுகிறாளா? நல்ல செய்திதானே, ஏன் உங்கள் முகம் இப்படிப் போகிறது? என்ன சொன்னார்கள், சொல்லுங்கள் மேடம்.

"அவங்களுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லையாம். மத்தியானம் மேக்கப் போட உக்காந்ததோட சரி. விழா, பாட்டு, விழுந்தது, ஒண்ணும் தெரியலை. இனிமே ஞாபகம் வராதுன்னு டாக்டர் சொல்றார். இடுப்புக்குக் கீழ அசைவு இல்லை. விஷயத்தைச் சொன்னதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்களாம். கயிறு புடிக்கிற அண்ணனுக்குக் கையில காயம் படலையேன்னு."

இல்லை. என் கையைப் பாருங்கள், ஒரு கீறல் இல்லை. அவ்வளவு பாரத்தோடு கயிறு ஓடினால் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகும், அதனால் கையுறை போட்டிருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் பேசி, அவளை நன்றாக யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், மேடம். அவளுக்காக இவ்வளவு செய்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் எப்படி?